55 அங்குலப் பாதரசம்: 1994 இண்டி 500இல் வென்ற புஷ்ராடு என்ஜின் – ஒரு நிகழ்வு ஆய்வு

1994 மே 29 அன்று இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் அல் அன்சர் ஜூனியர் ஜெயித்தார். கார் பென்ஸ்கி அணியுடையது, என்ஜினின் பெயர் மெர்சிடிஸ் பென்ஸ் 500ஐ. மொத்தம் 200 லேப். அதில் 193 லேப்பில் முன்னால் ஓடியது அந்த என்ஜின் பூட்டிய கார்தான். மிச்சம் 7 லேப், ஃபோர்டு காஸ்வொர்த் என்ஜினோடு வந்த ஜாக் வில்நெவ்வுக்குக் கிடைத்தது. ரோஜர் பென்ஸ்கியின் அணி அந்த மைதானத்தில் ஜெயிப்பது புதிதில்லை. அந்த வருடம் ஆட்களைத் திகைக்க வைத்தது என்ஜினின் உள்ளமைப்பு. சிலிண்டருக்கு இரண்டே வால்வு. சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்குள் ஒரே ஒரு கேம் ஷாப்ட், அதாவது வால்வைத் திறக்கும் மேடுகள் கொண்ட தண்டு. அங்கிருந்து வால்வை அசைக்கப் புஷ்ராடு என்ற தள்ளுகம்பியும் ராக்கர் ஆர்ம் என்ற நெம்புகோலும். அன்று அங்கே வழக்கமாக ஓடிய டர்போ (காற்றை அமுக்கி உள்ளே தள்ளும்) வி8 என்ஜின்களில், பிளாக்குக்கு மூடியாக உட்காரும் ஹெட்டுகளின் மேல் நான்கு கேம், மொத்தம் 32 வால்வு.

கார் பேச்சு எழும் இடங்களில் "புஷ்ராடு பழசு, ஓவர்ஹெட் கேம் புதுசு" என்று ஒரே மூச்சில் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். அந்தத் தீர்ப்பு எங்கே நிற்கிறது, எங்கே வழுக்குகிறது என்று பார்க்க இந்த ஒரு என்ஜின் போதும். என் கட்சியை முன்பே சொல்லிவிடுகிறேன்: கேம் எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கு முன், அந்த என்ஜினுக்கு எதில் வரம்பு போட்டிருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். கொள்ளளவிலா, காற்றழுத்தத்திலா, உயரத்திலா, செலவிலா? வரம்பு மாறினால் விடையும் மாறும்.

பழசு புதுசு விவகாரத்தை முதலில் முடித்துவிடலாம். புஷ்ராடு கொண்டு ஹெட்டில் வால்வை இயக்கும் என்ஜினை ப்யூக் 1904இல் காரில் வைத்து விற்றது. பேஜோவின் இரட்டை ஓவர்ஹெட் கேம், சிலிண்டருக்கு நான்கு வால்வு கொண்ட பந்தய என்ஜின் 1912இல் பிரெஞ்சு கிராண்ட் பிரீயை வென்றது. மறு வருடமே, 1913இல், ஜூல் கூ என்பவர் ஓட்ட, இதே இண்டியானாபொலிஸிலும் அது ஜெயித்தது. ஆக இரண்டுக்கும் எட்டு வருட வித்தியாசம்தான். 1994இல் இரண்டுமே கிழங்கள்.

விதி எப்படி எழுதப்பட்டிருந்தது

அந்தக் காலத்தில் அமெரிக்க ஓப்பன் வீல் (சக்கரங்கள் மூடப்படாத கார்) பந்தயத்துக்கு இரண்டு நாட்டாமைகள். வருடம் முழுக்க நடக்கும் தொடர் கார்ட் அமைப்பின் கையில். இண்டி 500 மட்டும் யூசாக் அமைப்பின் கையில். யூசாக்கின் விதிப்படி ஓவர்ஹெட் கேம் டர்போ என்ஜின் 2.65 லிட்டரைத் தாண்டக் கூடாது, இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாயில்) அழுத்தம் 45 அங்குலப் பாதரசத்தைத் தாண்டக் கூடாது. சிலிண்டருக்கு இரண்டு வால்வு, ஒற்றை கேம், புஷ்ராடு என்று இருந்தால் 3.43 லிட்டர் வரை போகலாம்; அழுத்தமும் 55 அங்குலம்.

வெளிக்காற்றின் அழுத்தமே ஏறக்குறைய 30 அங்குலம். எனவே 45 என்றால் வெளிக்காற்றைப்போல் ஒன்றரை மடங்கு; 55 என்றால் இரண்டு மடங்கை நெருங்குகிறது. இதில் ஏமாற்ற முடியாது. அமைப்பே தரும் பாப்-ஆஃப் வால்வு ஒவ்வொரு காரிலும் உட்கார்ந்திருக்கும். அளவு மீறினால் திறந்து காற்றை வெளியே விட்டுவிடும்.

புஷ்ராடுக்கு ஏன் இத்தனை தாராளம்? சாலை வண்டியின் பிளாக்கை வைத்துக்கொண்டு வரும் சிறிய என்ஜின் கட்டுநர்களுக்கு ஒரு கைதூக்கல். அப்படி வந்தவர்களில் பேர் சொல்லும்படி இருந்தது ப்யூக் வி6. அது சாதாரண வேகம் போகவில்லை. 1985இல் பாஞ்சோ கார்ட்டர் அதை வைத்து முதல் இடத்திலிருந்து புறப்பட்டார். 1992இல் ராபர்ட்டோ கெரேரோ 232.482 மைல் வேகத்தில் அதே இடத்தைப் பிடித்தார். ஆனால் தகுதிச் சுற்று நான்கே லேப். பந்தயம் 500 மைல். அந்த 500 மைலைத் தாங்குவதில்தான் ப்யூக்குக்குக் கெட்ட பெயர். சாலை வண்டிக்காக வார்க்கப்பட்ட பிளாக்கில் 55 அங்குலத்தை ஏற்றினால் எங்கேயாவது ஒன்று விட்டுக்கொடுக்கும்.

1991இல் யூசாக் இன்னொரு கட்டை அவிழ்த்தது. புஷ்ராடு என்ஜினில் உற்பத்தி வண்டியின் பாகங்கள் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை போனது. சிறியவர்களுக்கு வேலையைச் சுலபமாக்கத்தான். பிளாக், ஹெட் எல்லாவற்றையும் வெற்றுத் தாளிலிருந்து வரையலாம், ஆனால் 3.43 லிட்டரும் 55 அங்குலமும் அப்படியே கிடைக்கும் என்று அதற்குப் பொருள். அந்த அர்த்தத்தை முழுசாகப் படித்தவர்கள் இங்கிலாந்தில் பிரிக்ஸ்வொர்த்தில் இருந்தார்கள். மரியோ இல்லியனும் பால் மார்கனும் தொடங்கிய இல்மோர் நிறுவனம், 1988 முதல் 1993 வரை தொடர்ந்து ஆறு இண்டி 500 பந்தயங்களை ஷெவர்லே பெயரில் ஓவர்ஹெட் கேம் என்ஜினை வைத்தே வென்ற நிறுவனம். ஓவர்ஹெட் கேமில் கரைகண்டவர்கள்தான் 1993 கோடையில் புஷ்ராடு பக்கம் திரும்பி, பின்னால் மெர்சிடிஸ் பெயர் பெற்ற இந்த என்ஜினைக் கட்டினார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

வால்வுக்கும் கேமுக்கும் நடுவே

இரண்டு அமைப்பிலும் வால்வு ஹெட்டில்தான், பிஸ்டனுக்கு மேலேதான் இருக்கிறது. கேம் எங்கே என்பதில்தான் வித்தியாசம். ஓவர்ஹெட் கேமில், கேம் வால்வின் தலைக்கு மேலேயே உருள்கிறது. நடுவில் ஒரு பக்கெட் டேப்பெட்டோ (கேம் அழுத்தும் கிண்ணம்) சின்ன ஃபிங்கர் ஃபாலோயரோ (குட்டி நெம்புகோல்) மட்டும். புஷ்ராடு என்ஜினில் கேம் கீழே பிளாக்கில், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. கேமின் மேடு டேப்பெட்டைத் தூக்கும், டேப்பெட் புஷ்ராடைத் தள்ளும், புஷ்ராடு ராக்கரின் ஒரு முனையை உயர்த்தும், மறுமுனை வால்வை அமுக்கும்.

திறப்பது மட்டும்தான் கேமின் வேலை. மூடுவது ஸ்பிரிங். பிரச்சினை முழுக்க இந்த இரண்டாவது வேலையில் இருக்கிறது. 10,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 10,000 சுற்றில், கிராங்க் ஒரு சுற்று சுற்ற 6 மில்லிசெகண்டு. பந்தய கேமின் ஒரு வால்வு கிராங்கின் கணக்கில் 300 டிகிரி அளவுக்குத் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், வால்வு அசைந்து, உச்சத்துக்குப் போய், திரும்பி வந்து சீட்டில் உட்கார மொத்தம் 5 மில்லிசெகண்டு. இதை ஒவ்வொரு வால்வும் ஒரு செகண்டில் 83 தடவை செய்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் இந்தப் பாகங்களை முடுக்கவும் நிறுத்தவும் தேவைப்படும் விசை நான்கு மடங்காகிறது. ஒரு கட்டத்தில் ஸ்பிரிங்கால் இழுத்துப் பிடிக்க முடியாமல் போகும்; டேப்பெட் கேமை விட்டு எழும்பிவிடும். வால்வு மிதக்கிறது என்று சொல்வார்கள். அப்புறம் வால்வு சீட்டில் மோதித் துள்ளும், அதிர்ஷ்டம் இல்லையென்றால் மேலே வரும் பிஸ்டனோடு முட்டிக்கொள்ளும். ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் போதும் என்று தோன்றும். கடினமாக்கினால் கேம் தேயும், உராய்வு கூடும், ஸ்பிரிங் தானே ஒரு கட்டத்தில் அதிர ஆரம்பிக்கும்.

புஷ்ராடு வேகம் எடுக்காததற்கு அந்தக் கம்பியின் எடைதான் காரணம் என்று சொல்வது வழக்கம். பாதிதான் சரி. ராக்கரின் விகிதம் 1.7 என்று எடுத்துக்கொள்வோம்; அமெரிக்க வி8களில் சகஜமான எண் அது. வால்வு 1.7 பங்கு நகரும்போது புஷ்ராடும் டேப்பெட்டும் 1 பங்குதான் நகர்கின்றன. வால்வுப் பக்கத்திலிருந்து பார்த்தால் அவற்றின் எடை 1.7இன் வர்க்கத்தால், அதாவது 2.89ஆல் வகுபட்டுத்தான் தெரியும். கீழே 100 கிராம் இருந்தால் மேலே அது 35 கிராம் மாதிரி. எடையில் இது பெரிய சலுகை.

வளைவில் இதே எண் திருப்பி அடிக்கிறது. வால்வில் இருக்கும் விசை புஷ்ராடில் 1.7 மடங்காகிறது. அந்த விசையில் புஷ்ராடு எவ்வளவு அமுங்கி வளைகிறதோ, அது வால்வு முனையில் மறுபடி 1.7 மடங்காகத் தெரிகிறது. எனவே புஷ்ராடின் நெகிழ்ச்சி வால்வில் 2.89 மடங்கு பெரிதாக வந்து நிற்கிறது. எடைக்கு வகுத்தல், நெகிழ்ச்சிக்குப் பெருக்கல். கேம் மேட்டில் ஏறும்போது கம்பி வில்லாக வளைந்து ஆற்றலைச் சேர்த்துவைக்கும். மேட்டின் உச்சியைக் கடந்ததும் நிமிர்ந்து, கேம் கேட்காத உயரத்துக்கு வால்வை வீசும். பந்தய என்ஜின் கட்டுகிறவர்கள் எடை கூடினாலும் பரவாயில்லை என்று தடித்த புஷ்ராடை போடுவது இதனால்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தலைகீழாகத் தெரியும்.

ஓவர்ஹெட் கேமுக்கு இந்தக் கணக்கே கிடையாது. நடுவில் வளைய எதுவும் இல்லை. அதோடு இன்னொரு லாபம்: கேம் மேலே வந்துவிட்டால் நான்கு வால்வு வைப்பது எளிது. 50 மி.மீ. குறுக்களவில் ஒரு இன்டேக் வால்வின் சுற்றளவு 157 மி.மீ. 35 மி.மீ. அளவில் இரண்டு வைத்தால் 220 மி.மீ. வால்வு கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது காற்று நுழையும் இடைவெளி இந்தச் சுற்றளவோடு சேர்ந்து கூடும். ஒவ்வொரு வால்வும் சிறியது என்பதால் எடை குறைவு, ஸ்பிரிங்குக்கு வேலை குறைவு. நடுவில் ஸ்பார்க் பிளக்குக்கு இடமும் கிடைக்கிறது. புஷ்ராடிலும் நான்கு வால்வு முடியாததல்ல; ஜெனரல் மோட்டார்ஸின் டூராமேக்ஸ் டீசலும் ஹோண்டாவின் சிஎக்ஸ்500 பைக்கும் அப்படித்தான். ஆனால் யூசாக் அந்தக் கதவை மூடியிருந்தது.

பெருக்கிப் பார்த்தால்

இப்போது இல்லியன் முன்னால் இருந்த பேரத்தை எண்ணில் போட்டுப் பார்ப்போம். கொள்ளளவு 3.43க்கு 2.65: சுமார் 1.29 மடங்கு. அழுத்தம் 55க்கு 45: 1.22 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 1.58. ஒவ்வொரு சுற்றிலும் புஷ்ராடு என்ஜின் 58 சதவீதம் கூடுதல் காற்றை உள்ளே இழுக்க அனுமதி இருக்கிறது. காற்று எவ்வளவோ எரிபொருள் அவ்வளவு, எரிபொருள் எவ்வளவோ சக்தி அவ்வளவு.

எதிர்ப்பக்கம் வேகம். அன்றைய நான்கு கேம் என்ஜின்கள் 13,000 ஆர்பிஎம்மை ஒட்டிச் சுற்றின. புஷ்ராடால் 10,000 வரை போக முடிந்தால்? 10,000க்கு 13,000: 0.77. அதை 1.58ஆல் பெருக்கினால் 1.22. நான்கு கேம் என்ஜின் 800 குதிரைத்திறனை ஒட்டித் தருகிறது என்றால் புஷ்ராடு 970, 980 தர வேண்டும். 500ஐ என்ஜினுக்குப் பிற்பாடு வெளிவந்த எண் 9,800 ஆர்பிஎம்மில் 1,024 குதிரைத்திறன். தாளில் போட்ட கணக்குக்கு இது மோசமில்லை. இரண்டு வால்வு மூச்சுத்திணறலில் கொஞ்சம் போயிருக்கும், குறைந்த வேகத்தில் உராய்வு குறைந்ததில் கொஞ்சம் திரும்பக் கிடைத்திருக்கும் என்பது என் ஊகம்.

இந்தப் பெருக்கலைக் கவனித்தால் ஒன்று தெளிவாகும். புஷ்ராடு அந்த என்ஜினுக்குப் பலம் எதையும் தரவில்லை. பலம் லிட்டரிலும் அழுத்தத்திலும் இருந்தது. புஷ்ராடு அதற்குக் கட்ட வேண்டிய வரி. அந்த வரியை 13,000இலிருந்து 10,000 என்ற அளவுக்குள் அடக்கியதில்தான் இல்மோரின் கெட்டிக்காரத்தனம் எல்லாம். ப்யூக்கைப்போல் அதற்கும் கீழே தங்கியிருந்தால் பெருக்கல் 1ஐ நோக்கி இறங்கியிருக்கும்.

இல்மோர் என்ன செய்தது

கேமைத் தூக்கி மேலே வைத்தார்கள். விதி கேம் ஹெட்டில் இருக்கக் கூடாது என்றது; பிளாக்கில் எவ்வளவு உயரத்தில் என்று சொல்லவில்லை. வி வடிவத்தின் இரண்டு கைகளுக்கு நடுவே, முடிந்த மட்டும் ஹெட்டுக்குப் பக்கத்தில் கேமைக் கொண்டுபோனார்கள். புஷ்ராடு குட்டையானது. நீளம் பாதியானால் அமுங்குவது பாதி. பக்கவாட்டில் வளைந்து மடங்காமல் தாங்கும் விசை நான்கு மடங்கு. மேலே சொன்ன 2.89 மடங்குத் தொல்லையின் வேரிலேயே வெட்டு. சாலை வண்டியின் பிளாக்கை வைத்துக்கொண்டு இதைச் செய்யவே முடியாது, ஏனென்றால் கேம் துளை ஏற்கெனவே வார்ப்பில் இருக்கிறது. 1991இல் அவிழ்ந்த கட்டின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது.

போர் (சிலிண்டரின் குறுக்களவு) 97 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 58 மி.மீ. எட்டு சிலிண்டருக்குக் கணக்குப் போட்டால் 3,429 கன செ.மீ.; அனுமதியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. போர் அகலமாக இருப்பதால் இரண்டே வால்வென்றாலும் ஒவ்வொன்றையும் பெரிதாக வைக்கலாம். ஸ்ட்ரோக் குட்டை என்பதால் 10,000 ஆர்பிஎம்மில்கூட பிஸ்டனின் சராசரி வேகம் செகண்டுக்கு 19 மீட்டரை ஒட்டித்தான். பந்தய என்ஜினுக்கு இது அடக்கமான எண். கீழ்ப்பாதி எந்த நேரமும் பதற்றப்படவில்லை. பதற்றம் எல்லாம் வால்வுப் பக்கம்தான்.

வேலை முழுக்க ரகசியமாக நடந்தது. தாளிலிருந்து தடத்துக்கு வர ஒரு வருடம்கூட ஆகவில்லை. குளிர்காலத்தில் பென்சில்வேனியாவின் நசரேத் தடத்தில் பனியை ஒதுக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தார்கள். ஏப்ரலில் மெர்சிடிஸ் பெயரோடு வெளியே காட்டியபோது, போட்டியாளர்களுக்குப் பதில் என்ஜின் கட்ட நேரம் இல்லை. ரகசியம் ஏன் என்று யோசித்தால் காரணம் எளிது. முன்பே தெரிந்திருந்தால் இன்னொருவர் கட்டியிருப்பார் என்பது ஒன்று. யூசாக் 55ஐக் குறைத்திருக்கும் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிய பயமாக இருந்திருக்க வேண்டும்.

மே 29

அல் அன்சர் ஜூனியர் 228.011 மைல் வேகத்தில் முதல் இடத்திலிருந்து புறப்பட்டார். எமர்சன் ஃபிட்டிபால்டி மூன்றாவது. பயிற்சியில் மோதிய பால் ட்ரேசி பின்னால் எங்கேயோ. பந்தயத்தில் ட்ரேசி 92 லேப்போடு டர்போ பழுதாகி வெளியேறினார். ஃபிட்டிபால்டி 145 லேப் முன்னணியில் இருந்தார். எதிரிகள் யாரும் அவரை நெருங்கவில்லை. 185ஆவது லேப்பில், இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்த சொந்த அணிக்காரர் அன்சரையே ஒரு லேப் பின்னுக்குத் தள்ளப் பார்த்தபோது சுவரில் மோதினார். அன்சர் முன்னால் வந்தார், ஜெயித்தார். முழு 200 லேப்பை முடித்தவர்கள் அவரும் வில்நெவ்வும் மட்டும்.

மூன்று கார்களில் ஒன்று டர்போ, ஒன்று சுவர், ஒன்று வெற்றி. வால்வு ஏற்பாடு எதையும் நிறுத்தவில்லை. 500 மைல் தாங்காது என்று ப்யூக் வாங்கிக்கொடுத்திருந்த பெயர், புஷ்ராடின் பெயராக இருக்கவில்லை. சாலை வார்ப்பின் பெயராகவே இருந்திருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் போட வேண்டும். அந்த வருடம் பென்ஸ்கி 16 பந்தயங்களில் 12ஐ ஜெயித்தது. இண்டி தவிர மற்ற 11லும் வழக்கமான ஓவர்ஹெட் கேம் இல்மோர் என்ஜின்தான். தொடரின் முதல் மூன்று இடங்களும் அவர்களுக்கே. ஆக சேசிஸும் ஓட்டுநர்களும் ஏற்கெனவே மேல். இண்டியில் ஜெயித்ததற்கு முழுக் காரணத்தையும் புஷ்ராடு என்ஜின் தலையில் கட்டுவது ஆய்வாகாது. நேர்ப்பாதையில் கிடைத்த வித்தியாசம் அதனுடையது, அது நிச்சயம்.

48 அங்குலம்

பந்தயம் முடிந்ததும் யூசாக் இப்படி முழுசாகப் புதிதாய்க் கட்டிய புஷ்ராடு என்ஜின்களுக்கான அழுத்தத்தை 1995க்கு 52 அங்குலமாகக் குறைத்தது. அதே பெருக்கலைப் போடுங்கள்: 1.29, 52க்கு 45 என்பது 1.16, வேகம் 0.77. விடை 1.15. இன்னும் லாபம்தான். யூசாக்கும் இதே மாதிரி கணக்குப் போட்டிருக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து 48 ஆக்கினார்கள். 48 என்றால் 1.06. அந்த ஆறு சதவீதத்துக்காக, வருடத்தில் ஒரே ஒரு பந்தயத்தில் மட்டும் ஓடும் தனி என்ஜினைக் கட்டிக் காப்பாற்ற யாரும் வரவில்லை. மெர்சிடிஸ் 500ஐ ஓடியது அந்த ஒரு பந்தயம்தான்.

உற்பத்தி பிளாக்கிலிருந்து வந்த ப்யூக் வழி என்ஜின்களுக்கு 55 அப்படியே விடப்பட்டது. 1995இல் ஸ்காட் பிரேட்டன் மெனார்டு என்ற பெயரில் ஓடிய அந்த வி6ஐ வைத்து முதல் இடத்திலிருந்து புறப்பட்டார். பென்ஸ்கி அணி அந்த வருடம் ஓவர்ஹெட் கேம் என்ஜினோடு வந்து, பந்தயத்துக்குத் தகுதியே பெறவில்லை. அதற்குக் காரில் வேறு கோளாறுகள் இருந்தன. என்ஜினை மட்டும் குறை சொல்ல முடியாது.

சாலை வண்டியில் வரம்பு யார் போடுவது?

பந்தயத்தில் விதிப்புத்தகம் செய்த வேலையைச் சாலையில் வரியும் பானெட்டும் விலையும் செய்கின்றன. ஜப்பானைப்போல் கொள்ளளவைப் பார்த்து வரி போடும் நாட்டில் லிட்டர்தான் விலை உயர்ந்த சரக்கு. ஒவ்வொரு லிட்டரிலிருந்தும் முடிந்தவரை பிழிய வேண்டும். அதற்கு வேகம் வேண்டும், நான்கு வால்வு வேண்டும், ஓவர்ஹெட் கேம் வேண்டும். இன்டேக், எக்ஸாஸ்ட் கேம்களைத் தனித்தனியாக முன்பின் நகர்த்தி டைமிங்கை மாற்றும் வசதியும் இரட்டைக் கேமில் சுலபம். புகை விதிகள் இறுகிய பிறகு அது பெரிய காரணம். ஒற்றைக் கேமில் இரண்டும் சேர்ந்தே நகரும். டாட்ஜ் வைப்பர் 2008இல் ஒரு கேமுக்குள் இன்னொரு கேமை வைத்து இதைத் தாண்டியது. அழகான வேலை, ஆனால் பரவவில்லை.

லிட்டருக்கு அவ்வளவு வரி இல்லாத அமெரிக்காவில் கணக்கு வேறு. வி8இல் இரட்டை ஓவர்ஹெட் கேம் என்றால் நான்கு கேம், நீண்ட டைமிங் செயின்கள், டென்ஷனர்கள், அகலமும் உயரமுமான ஹெட்டுகள். புஷ்ராடு வி8இல் ஒரு கேம், ஒரு குட்டைச் செயின், தட்டையான ஹெட். ஃபோர்டின் 4.6 லிட்டர் இரட்டை ஓவர்ஹெட் கேம் வி8ஐ, ஜெனரல் மோட்டார்ஸின் 5.7 லிட்டர் புஷ்ராடு எல்எஸ்1 பக்கத்தில் வைத்தால் சிறிய என்ஜின்தான் பெரிதாகத் தெரியும். கனரக பிக்கப்புகளுக்காக ஃபோர்டு தன் 6.8 லிட்டர் ஓவர்ஹெட் கேம் வி10ஐ நிறுத்திவிட்டு 2020 மாடலில் 7.3 லிட்டர் புஷ்ராடு வி8ஐ வைத்தது. சுமை இழுக்கும் வண்டிக்கு 8,000 ஆர்பிஎம் எதற்கு?

இரண்டையும் ஒரே காரில் பார்க்க வேண்டுமென்றால் எட்டாம் தலைமுறை கார்வெட் இருக்கிறது. சாதாரண மாடலில் 6.2 லிட்டர் புஷ்ராடு எல்டி2: 6,450 ஆர்பிஎம்மில் 490 குதிரைத்திறன், டார்க் (முறுக்குவிசை) 630 நியூட்டன் மீட்டர். ஸீ06 மாடலில் 5.5 லிட்டர் இரட்டை ஓவர்ஹெட் கேம் எல்டி6: 8,400இல் 670 குதிரைத்திறன், டார்க் 620ஐ ஒட்டி. இரண்டிலும் டர்போ இல்லை. டார்க் கிட்டத்தட்ட ஒன்றேதான். எல்டி6 அதை 0.7 லிட்டர் குறைவாக வைத்துக்கொண்டு தருகிறது என்பதில் நான்கு வால்வின் மூச்சு தெரிகிறது. மற்ற 180 குதிரைத்திறன் வேகத்தின் கணக்கு. அந்த வேகத்துக்காக எல்டி6இல் ஹைட்ராலிக் டேப்பெட்டைக்கூட விட்டுவிட்டு, கெட்டியான ஃபிங்கர் ஃபாலோயரும் தொழிற்சாலையிலேயே அளந்து வைக்கும் ஷிம் என்ற மெல்லிய தகடும் போட்டிருக்கிறார்கள். எண்ணெய் நிரம்பிய டேப்பெட்டும் ஒரு நெகிழ்ச்சிதான். 8,600 ரெட்லைனில் அதற்கும் இடம் கிடையாது.